உறவினர் யாரும் இல்லை

மார்ச் 4

தம்பிக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பார்த்து அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே ஊரில், பேருந்தில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறேனே என்று உன் அத்தான் சிரிக்கிறார். போனில் அனுப்பினால் நீ அதே நிமிடம் பதில் போடுவாய், நான் அதைவிட வேகமாகச் சண்டை போடுவேன். தபாலில் போட்டால் கோபம் வழியில் இரண்டு நாளாவது ஆறும்.

விஷயம் இதுதான். உன் கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். டெஸ்டிங் பிரிவு. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் அதே பழைய வேலை. இது எனக்குப் பதினான்காவது இன்டர்வியூ. முந்தைய பதிமூன்றைப் பற்றி உனக்குத் தெரியாது, சொல்லவும் இல்லை. ஒருவன் நான் பேசப் பேசச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெண் என் ரெஸ்யூமேயை விரலால் தள்ளித் தள்ளி, எட்டு வருட இடைவெளி வந்ததும் விரலை எடுத்துவிட்டாள். மூன்று பேர் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இதுவும் போனால் நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் அத்தானும் பாப்பாவும் கிளம்பிப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நிற்கும்போது, நான் யாருக்கும் எதற்கும் தேவைப்படாதவள் என்று தோன்றுகிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

முதல் சுற்று வீட்டிலிருந்தே, கணினியில் எழுதும் தேர்வு. கேமரா கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும், திரையை விட்டுப் பார்வை நகர்ந்தால் எச்சரிக்கை வரும். நாற்பதாவது நிமிடம் சலவை இயந்திரம் வேலை முடிந்து கூவியது. "அறையில் வேறு ஒருவர் இருக்கிறார்" என்று திரையில் எழுத்து வந்தது. தேறிவிட்டேன்.

பிறகு ஒரு படிவம். அதில் பதினேழாவது கேள்வி: எங்கள் நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா? இல்லை என்று எழுதினேன். ஒன்றரை வருடமாக என் வீட்டு வாசல் பக்கம் வராதவனை என்னவென்று எழுதுவது?

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதுவும் செய்யாதே. மூக்கை நுழைக்காதே.

அக்கா


மார்ச் 7

அக்கா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டேன். அலுவலக வாசலிலேயே நின்று படித்தேன். பதினேழாவது கேள்வியை எட்டியதும் மேலே போகாமல் அதையே மறுபடி படித்தேன்.

உடனே திருத்து. கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே அது சும்மா ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. உறவுக்காரர் இருந்தால் தப்பே இல்லை, அந்த ஆளை இன்டர்வியூவில் உட்கார வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் தப்பு. போன வருடம் ஒருவர் தன் மச்சான் மேல்மாடியில் இருப்பதைச் சொல்லவில்லை. சேர்ந்த இரண்டாவது மாதம் இரண்டு பேரிடமும் ஒரே நாளில் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஹெச்.ஆர். அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், தவறுதலாக எழுதிவிட்டேன் என்று.

அன்றைக்கு உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்தேன். ஏதோ வாய் தவறி வந்துவிட்டது. அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா?

பாப்பா எப்படி இருக்கிறாள்? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

வாய் தவறியா வந்தது? உன் கம்பெனியில் என்னைச் சிபாரிசு செய்ய முடியுமா என்று அத்தான் கேட்டதற்கு என்ன வந்தது என்று நான் நினைவூட்டுகிறேன். "அக்காவுக்கு இனிமே இதெல்லாம் சரிப்பட்டு வராது அத்தான். அவ பார்த்த டெஸ்டிங் வேற, இப்ப இருக்கறது வேற. என் பேரைப் போட்டு அனுப்பினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க." என்னிடம்கூடச் சொல்லவில்லை நீ. நான் எதிரே சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கும்போது அவரிடம் சொன்னாய். நீ கிளம்பிய பிறகு பாப்பா கேட்டாள், "அம்மா, நீ ஃபெயிலாயிட்டியா?"

பூசி மெழுகாதே. உனக்குப் பழக்கமே அதுதான்.

படிவத்தைத் திருத்த மாட்டேன். திருத்தினால், 'ஆமாம், எனக்கு ஒரு தம்பி உண்டு, அவன் இங்கே பெரிய ஆள்' என்று ஆகும். எனக்கு வேலை கிடைத்தால் உன்னால் கிடைத்தது என்பார்கள். கிடைக்காவிட்டால் தம்பியே கைவிட்டுவிட்டான் என்பார்கள். இரண்டும் வேண்டாம்.

நேற்றுத் தொலைபேசிச் சுற்று முடிந்தது. ஒரு சின்னப் பெண், குரலில் தூக்கக் கலக்கம். அவள் கேட்ட மூன்றாவது கேள்வியிலேயே ஒரு பிழை இருந்தது, சொன்னேன். பிறகு "அய்யோ, இதையே ஆறு பேர்கிட்ட கேட்டுட்டேங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாயிற்று தெரியுமா அப்படிச் சிரித்து?

18ஆம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் கட்டிடம்தான். அன்று காலை என் கண்ணில் படாதே.

அக்கா


மார்ச் 18

என்னடா செய்துவிட்டாய்?

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எழுதவில்லை என்றால் பாத்திரம் எதையாவது போட்டு உடைப்பேன்.

காத்திருக்கும் அறையில் என்னோடு ஒன்பது பேர். எல்லாருக்கும் என் வயதில் பாதி. ஒருத்தன் என்னைப் பார்த்து எழுந்து நின்று "மேடம், எங்களை எப்ப கூப்பிடுவீங்க?" என்றான். "நானும் உன்ன மாதிரிதான் தம்பி, உக்காரு" என்றேன். பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு அந்தச் சின்ன அறை. நீள மேஜை, ஒரு தண்ணீர் பாட்டில், குளிரூட்டி நேராகக் கழுத்தில் அடிக்கிறது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தார். "இன்னொருத்தருக்கு உடம்பு சரியில்லையாம், மாற்று ஆள் வந்துடுவார்" என்றார். கதவு திறந்தது. நீ.

நீ திரும்பிப் போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து "வணக்கம் மேடம்" என்றாய். பள்ளிக்கூடம் விட்டதும் என் தாவணியைப் பிடித்துக்கொண்டே தெருவைக் கடந்தவன் என்னை மேடம் என்கிறாய். நானும் "வணக்கம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? நாக்கு அப்படித்தான் புரண்டது.

கண்ணாடிக்காரர்தான் லிஃப்ட் கேள்வி கேட்டார். "ஒரு லிஃப்டை உங்ககிட்ட குடுத்தா எப்படிம்மா டெஸ்ட் பண்ணுவீங்க?" காலையில் வந்தவர்கள் எல்லாரும் எடை, வேகம், மின்சாரம் போனால் என்ன என்று சொல்லியிருப்பார்கள். நான் முதலில் கதவைப் பார்ப்பேன் என்றேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு ஒன்பது வினாடியில் மூடும், சக்கர நாற்காலியை நேராக்கி உள்ளே தள்ள எனக்குப் பதினான்கு வினாடி ஆகும், அந்த ஐந்து வினாடியும் கதவை என் முதுகால்தான் தடுத்து நிறுத்துவேன் என்றேன். மேல் வரிசைப் பொத்தான் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாது, மாடி எண்ணை அறிவிக்கும் குரல் காது மந்தமானவருக்குக் கேட்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"எங்க அம்மாவை. ஆறு வருஷம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இறந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். உன் அம்மாவும்தானேடா! யாரோ ஒருத்தியின் அம்மா செத்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். "எட்டு வருஷ கேப் இருக்கு மேடம். இதுக்குள்ள எல்லாமே மாறிடுச்சு. எப்படிச் சமாளிப்பீங்க?" உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, உனக்கு அதுதானா கிடைத்தது? என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஏதோ படித்ததை ஒப்பித்தேன்.

ஏன் உள்ளே வந்தாய்? ஏன் உட்கார்ந்தாய்?


மார்ச் 20

அக்கா,

இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். யார் வருகிறார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லை, உன் அறையாக இருக்காது என்று நினைத்தேன். உன் ரெஸ்யூமேயை என் கையில் கொடுத்தபோது நான் ஏற்கனவே கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன்.

திரும்பிப் போயிருக்கலாம். ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். சொன்னால் உன் பதினேழாவது பதில் பொய் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், கண்ணாடிக்காரர் உன்னை எழுந்து போகச் சொல்லியிருப்பார். இதெல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன். அதற்குள் கால் உள்ளே போய்விட்டது. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க வழியில்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்காவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். இடைவெளி உள்ள எல்லாரிடமும் நான் கேட்பது அது.

அம்மாவைப் பற்றி நீ சொன்னபோது நான் எழுதியது வெறும் கோடு. அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது. லிஃப்ட் கதவு விஷயமெல்லாம் நீ என்னிடம் சொன்னதே இல்லை.

தயவுசெய்து படிவத்தை இப்போதாவது திருத்து.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

கிடைத்துவிட்டது.

இன்று காலை ஆஃபர் லெட்டர் வந்தது. அத்தான் சத்தமாகப் படித்தார், பாப்பா பிடுங்கி மறுபடி படித்தாள். நான் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். 28ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஆனால் மத்தியானத்திலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பி வந்தேன். உங்கள் முறை எனக்குத் தெரியும், முன்பு நீயே சொல்லியிருக்கிறாய். இன்டர்வியூ முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் எடுக்கலாம், வேண்டாம் என்று தனித்தனியே எழுதி அனுப்ப வேண்டும், ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்க்க முடியாது. போன கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை.

நீ 'எடுக்கலாம்' என்று எழுதியிருப்பாய். குற்ற உணர்ச்சியில் எழுதியிருப்பாய். இல்லையென்றால் நான் உளறிய கடைசிப் பதிலுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பதிமூன்று இடத்தில் கிடைக்காதது உன் கட்டிடத்தில் மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

உன் தயவில் வந்தது என்றால் எனக்கு வேண்டாம். பட்டினியாகக் கிடப்பவளுக்கு எச்சில் தட்டை நீட்டிய மாதிரி இருக்கும். என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டு நேராக ஹெச்.ஆர். அம்மாவின் அறைக்குப் போனேன். "உங்க சொந்த அக்காவா?" என்று இரண்டு முறை கேட்டார். கூடப் பிறந்தவள் என்றேன். பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். அரை மணி நேரம். வாசலில் இருந்த செடியின் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான். ஆனால் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில், 'நான் படிவத்தில் எழுதியதெல்லாம் உண்மை' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டால், அங்கே இருக்கும் நாளெல்லாம் லிஃப்டில் என்னைப் பார்த்து 'வணக்கம் சார்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

நீ கேட்டதற்குப் பதில். நான் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

பயத்தில் எழுதினேன். எடுக்கலாம் என்று எழுதி, நாளைக்கு உறவு தெரிந்தால் இரண்டு பேர் தலையும் போகும். வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தொலைபேசியில் பேசிய பெண்ணும் கண்ணாடிக்காரரும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள், இன்று ஹெச்.ஆர். அம்மா சொல்லித்தான் தெரியும். அதனால்தான் உனக்குக் கிடைத்தது. என் கை அதில் இல்லை.

இப்போது அதையும் கெடுத்துவிட்டேனோ தெரியவில்லை. விசாரித்து முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

முதலில் உன்னைத் திட்டி முடித்துவிடுகிறேன். யாரைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னாய்? என் வேலை, என் பொய், என் வாய். அன்று சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பதிலாக நீ முடிவு செய்தாய். இன்றும் அதையே செய்திருக்கிறாய், நல்லவன் வேஷம் மட்டும் புதிது. இரண்டு நாள் கழித்து நானே போய்ச் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லாமலும் இருந்திருப்பேன். அதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஹெச்.ஆர். அம்மா திங்கட்கிழமை கூப்பிட்டார். போனேன். ஏன் பொய் எழுதினாய் என்றார். "ஒன்றரை வருஷமா பேச்சு இல்லைங்க. அந்தக் கேள்வியைப் படிச்சப்ப யாரும் இல்லைன்னுதான் தோணுச்சு" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கணினியைத் திருப்பிக் காட்டினார். நீ எழுதியதை.

"கூடப் பிறந்தவரே வேண்டாம்னு எழுதியிருக்கார். இதுல சலுகைன்னு யார் சொல்ல முடியும்?" என்றார். இன்னும் இரண்டு நாள் மேலிடத்தில் பேசி, நேற்றுத் தகவல் சொன்னார்கள். வேலை உண்டு. உன் பிரிவில் இல்லை, மூன்றாம் மாடியில். படிவத்தில் பொய் எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் உண்டு. சேருவதற்கு முன்பே எச்சரிக்கை வாங்கிய முதல் ஆள் நான்தானாம். உன்னை ஒரு வருடத்துக்கு இன்டர்வியூ பக்கமே விடப்போவதில்லை என்றார்கள். நல்லது.

நீ வேண்டாம் என்று எழுதியும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகத் தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து இன்னொன்றும் உறுத்துகிறது. நீ எழுதியதை நான் முழுதும் படித்தேன். பதினொரு வரி. பயந்தவன் ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வான். நீ பதினொரு வரி எழுதியிருக்கிறாய். 'அனுபவம் பழையது. உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்கிறார். குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது சந்தேகம்.'

பயந்து எழுதினாயா, அப்படி நினைத்துத்தான் எழுதினாயா? நெஞ்சில் கை வைத்துச் சொல். ஒரு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

நினைத்துத்தான் எழுதினேன்.

ஒரு வரி போதும் என்றாய், ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. பயமும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் எழுத ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. ஒவ்வொரு வரியையும் சரி என்று நம்பித்தான் தட்டினேன். அம்மாவைப் பற்றி நீ சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. சோகத்தைச் சொல்லி மார்க் வாங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரர் பேனாவை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு அதில் ஒரு டெஸ்டர் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக ஆள் எடுக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

படித்தேன். வலித்தது. நேற்று முழுக்க உன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பாப்பா மட்டும் மெதுவாக "மாமா என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். உண்மையை எழுதியிருக்கிறான் என்றேன்.

பயத்தில்தான் எழுதினேன் என்று இன்னொரு முறை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. என் தம்பி என்னிடம் நேராகப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. நல்லதாகப் பேசியிருக்கலாம், பரவாயில்லை.

திங்கட்கிழமை சேர்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூன்றாம் மாடிச் சாப்பாட்டு அறைக்கு வா. எனக்கு எதிரே உட்கார். சார், மேடம் எல்லாம் வேண்டாம். அன்றைக்குக் கேள்வி நான் கேட்பேன், நீ பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வா. அம்மா ஆறு வருடம் படுத்திருந்தாள். வருடத்துக்கு நான்கு நாள் வந்தாய். உன் ரெஸ்யூமேயில் அந்த இடைவெளியை எப்படி எழுதியிருக்கிறாய்?

அக்கா